டயரில் ஒரு முள்

போன வருஷம் ஜூலையில் ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர். மூன்றும் என் மகனுடைய சைக்கிளுக்கு.

முதல் பஞ்சரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டியூபைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டினேன். விளாத்திகுளத்தில் பள்ளி விடுமுறைகளில் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தொழில். இங்கே கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் 13 வயசுப் பையன் அப்பாவை வியந்து பார்ப்பது அபூர்வம். அன்றைக்குப் பார்த்தான். இரண்டாவது பஞ்சருக்கும் பார்த்தான். மூன்றாவதற்கு, "நீங்க சரியா ஒட்டலையாப்பா?" என்று கேட்டுவிட்டான்.

மானப் பிரச்சினை ஆகிவிட்டதால், கராஜில் உட்கார்ந்து டயரை உள்ளும் புறமும் விரலால் தடவிப் பார்த்தேன். தடவியதும் கத்தினேன். கத்தல் கேட்டு அம்மா வந்தார். ஆறு மாத விசாவில் வந்து, தொலைக்காட்சித் தொடரும் துணி மடிப்புமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தவர். என் விரலில் இருந்ததைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். விமானம் இறங்கிய நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை.

"எய்யா, இது நம்மூரு நெருஞ்சியில்ல! இது எப்படி இங்க வந்துச்சு?"

மகன் அதற்குள் ஃபோனில் படம் எடுத்து, செடி கண்டுபிடிக்கும் செயலியில் போட்டிருந்தான். அது யோசித்து யோசித்து, 'பங்ச்சர்வைன்' என்றது. கீழே சின்ன எழுத்தில் ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். செயலியைவிட ஆச்சி 40 விநாடி வேகம். அந்தக் கணக்கை அவனே சொன்னான்.

அந்த முள்ளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல்கூட. மரத்துண்டு மாதிரி கெட்டியாக, சுண்டல் கடலையைவிடச் சின்னதாக, மேலே இரண்டு கொம்பு. எப்படிப் போட்டாலும் ஒரு கொம்பு வானத்தைப் பார்க்கும். இங்கே அதற்கு 'ஆட்டுத்தலை' என்று பெயர். இரண்டு கொம்போடு பார்த்தால் ஆட்டுத்தலையேதான். அறிவியல் பெயரில் உள்ள ட்ரிபுலஸ், பழைய காலத்தில் எதிரியின் குதிரைகள் வருகிற வழியில் இறைத்துவைத்த நாலு முனை இரும்பு முள்ளைக் குறிக்கும் சொல். நம்மிடமும் அதே ஆயுதம், அதே உவமை: அகராதியைப் புரட்டினால் 'இருப்பு நெருஞ்சில்' என்று ஒரு சொல் கிடைக்கும். ரோமாபுரிக்காரன் ஆயுதத்தின் பேரைச் செடிக்கு வைத்தான். நாம் செடியின் பேரை ஆயுதத்துக்கு வைத்தோம்.

குதிரை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். என் மகன் சைக்கிள் ஓட்டுகிற பாதையின் பெயர் அயர்ன் ஹார்ஸ் டிரெயில். இரும்புக் குதிரைத் தடம். (பாலகுமாரன் நாவல் ஞாபகம் வந்தவர்கள் என் வயசுக்காரர்கள், அது லாரி, இது ரயில்.) 1891இல் சதர்ன் பசிபிக் கம்பெனி இந்த வழியாக ஒரு கிளைப்பாதை போட்டது. 1978இல் அதைக் கைவிட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். டப்ளின்–பிளசன்டன் பார்ட் ரயில் ஸ்டேஷன் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். ஓடுகிறவர், நாயோடு நடக்கிறவர், சுரிதாருக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ் போட்ட மாமிகள், காதில் கருவியோடு மீட்டிங்கில் இருக்கும் நம் பையன்கள் என்று திருவிழா மாதிரி இருக்கும். குதிரையை நிறுத்தக் கண்டுபிடித்த முள்ளின் பேரை வைத்திருக்கும் செடி, இரும்புக் குதிரை ஓடிய தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ரப்பர் குதிரையைக் குத்துகிறது.

மறுநாள் காலை ஆறரைக்கு அம்மா என்னை எழுப்பிவிட்டார். "வா, அது எங்க மொளச்சுக் கெடக்குன்னு பாப்போம்." சேலை, அதன்மேல் என் பழைய ஸ்வெட்டர், காலில் மருமகள் வாங்கிக் கொடுத்த கிராக்ஸ். கடைசியாகச் சொன்னது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

தார்ப்பாதையில் ஒன்றும் இல்லை. தாரும் மண்ணும் சேருகிற ஓரம், அங்கேதான். பிளசன்டனில் ஜூலை என்றால் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். மே மாதம் தொடங்கி மழை என்ற பேச்சே கிடையாது. அந்தக் காய்ந்த சரளை மண்ணில் இது மட்டும் பச்சைப் பசேலென்று பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. நடுவில் ஒரு வேர், அதிலிருந்து நாலா பக்கமும் கொடி. புளிய இலை மாதிரி, ஆனால் இன்னும் பொடிசு, சாம்பல் ரோமத்தோடு. இலைக் கக்கத்தில் ஐந்து இதழ் மஞ்சள் பூ. நாங்கள் போன நேரம் எல்லாப் பூவும் விரிந்திருந்தது. மத்தியானம் நான் மட்டும் மறுபடி போனபோது மூடிக்கிடந்தது.

வெயிலை இவ்வளவு லாகவமாகத் தின்கிற செடிகள் குறைவு. மக்காச்சோளமும் கரும்பும் வெயிலில் உணவு தயாரிக்கப் பின்பற்றுகிற அதே குறுக்குவழி இதற்கும் தெரியும். கொளுத்துகிற வெயிலிலும் தண்ணீரை வீணடிக்காமல் வளரும். முளைத்து மூன்று வாரத்தில் பூ. பூத்து ஒன்றிரண்டு வாரத்தில் முள். காய் முதிர்ந்ததும் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் ஓர் ஆட்டுத்தலை. ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட விதை. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: எல்லா விதையும் ஒரே வருஷம் முளைக்காது. பெரிய விதை முதலில் போகும். மற்றவை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். ஒரு செடி ஒரு கோடையில் 200 முதல் 5,000 விதை வரை போடும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் களை நிபுணர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அம்மாவிடம் சொன்னேன். "நான் எண்ணுனதில்ல. ஆனா எங்கப்பா செருப்புலயே அம்புட்டு இருக்கும்" என்றார்.

தாத்தா ஆட்டுக்காரர். பொட்டு ஆடு என்று எங்கள் பக்கம் சொல்வோம். வெள்ளை உடம்பில் செம்பட்டைப் பொட்டு வைத்த வேம்பூர்ச் செம்மறி. கம்பு அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போடுவார். டயர் வெட்டித் தைத்த செருப்பு அவருக்கு. சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு கல்லில் செருப்பின் அடிப்பாகத்தைத் தேய்ப்பார். 'கரக் கரக்' என்று நெருஞ்சிமுள் உதிரும். எனக்கு அது தாத்தா வந்துவிட்டார் என்பதற்கான சத்தம். ஆட்டின் குளம்புப் பிளவில் ஏறிய முள்ளை விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு எடுப்பார். அவருக்கு நெருஞ்சியின் மேல் மரியாதையும் கிடையாது, கோபமும் கிடையாது. மழை, தூசி மாதிரி அதுவும் ஒன்று.

இந்தச் செடி அமெரிக்காவுக்கு வந்ததே ஆட்டோடுதான் என்கிறார்கள். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளிலிருந்து வந்த கால்நடைகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது இங்கே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நம் பொட்டு ஆட்டுக்கு உடம்பில் முடிதான், கம்பளி கிடையாது. முள்ளுக்கு அதில் பிடிமானம் பத்தாது, குளம்பில்தான் ஏற வேண்டும். கம்பளி ஆடு என்றால் சொல்லவே வேண்டாம், முழு உடம்பும் டிக்கெட். 1900களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தலைகாட்டியது. அதன்பின் கார் வந்தது, டயர் வந்தது. ரயில் ஓரமும் சாலை ஓரமுமாக மேற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவிவிட்டது. காலில் குத்தினால் மனிதன் அங்கேயே நின்று பிடுங்கி எறிந்துவிடுவான். டயர் அப்படியில்லை. குத்திய முள்ளைப் பத்து மைல் சுமந்துகொண்டு போய்த்தான் இறக்கும்.

இனி நீங்கள் எதிர்பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். நெருஞ்சில் என்று சொன்னதும் நம் ஆட்களில் பாதிப் பேர், "ஆஹா, அது மருந்தாச்சே" என்பார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸப் குழுவில் இந்த முள்ளின் படத்தைப் போட்டு 'பஞ்சர் ஜாக்கிரதை' என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில்: 'நம் முன்னோர்கள் அருமருந்தாகப் போற்றிய மூலிகையை வெள்ளைக்காரன் களை என்கிறான்.' அதற்கு 14 கைகூப்பு.

மருந்துதான். மறுக்கவில்லை. சித்த வைத்தியத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சில் குடிநீர் பேர்போனது. தசமூலம் என்று சொல்கிற பத்து வேர்களில் நெருஞ்சில் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுத்த எல்லா வீட்டிலும் இது நுழைந்திருக்கிறது. யானை நெருஞ்சில் என்று பெரிய முள்ளோடு இன்னொன்று உண்டு. அது வேறு குடும்பத்துச் செடி. அதன் கொப்பை ஒடித்துத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் முட்டை வெள்ளை மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும்; சின்ன வயதில் அதை வைத்து வித்தை காட்டியிருக்கிறேன்.

ஆனால் முன்னோர்கள் போற்றினார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. எந்த முன்னோர்? வள்ளுவர் 1120ஆவது குறளில் இதைக் கொண்டுவருகிறார். உலகத்திலேயே மெத்தென்ற இரண்டு பொருள், அனிச்சப் பூவும் அன்னத்தின் இறகும், அவள் பாதத்துக்கு நெருஞ்சி போலக் குத்தும் என்கிறார். வலிக்கு அளவுகோல் வேண்டியிருந்தது, நெருஞ்சியை எடுத்தார். (முள் என்று சொல்லாமல் பழம் என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். தாவரவியல்படி அவர் சொன்னதுதான் சரி. குத்துவது முள் முளைத்த கனி.) அவருக்கு முன்னே குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், 202ஆம் பாட்டு. முன்பு இனிக்க இனிக்க இருந்துவிட்டு இப்போது நோகடிக்கிறவனைப் பற்றித் தலைவி பேசுகிறாள். கண்ணுக்கு அழகான புதுப்பூவைக் காட்டிவிட்டுப் பிறகு முள்ளைத் தருகிற நெருஞ்சியை அவனுக்கு உவமை சொல்கிறாள். பூவிலிருந்து முள்ளுக்கு ஒன்றிரண்டு வாரம் என்று களை நிபுணர்கள் சொன்னதை அந்த அம்மா எப்போதோ பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இருவரும் நெருஞ்சியை மிதித்தவர்கள் என்பது படித்தாலே தெரியும். வாட்ஸப்பில் கைகூப்பியவர்கள் மிதித்திருக்க மாட்டார்கள்.

நல்ல விதமாகச் சொன்ன பாட்டும் இருக்கிறது. நியாயத்துக்கு அதையும் சொல்லிவிடுகிறேன். புறநானூறு 155இல் மோசிகீரனார், நெருஞ்சிப்பூ சூரியனை எதிர்கொண்டு நிற்பதுபோல வறிய புலவர்களின் கலங்கள் கொண்கானங்கிழான் என்ற வள்ளலை நோக்கி நிற்கின்றன என்கிறார். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பூ கிழக்கே பார்த்து விரிந்திருந்தது உண்மை. சூரியனோடு முழுக்கத் திரும்பியது என்று சத்தியம் பண்ண மாட்டேன். பத்து மணிக்கு எனக்கு வெயில் தாங்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

சூரியனுக்கும் இந்தச் செடிக்கும் இன்னொரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அது அழகானது இல்லை. தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்துச் செம்மறிகளுக்கு இதைத் தின்பதால் ஒரு நோய் வரும். அங்கே ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'மஞ்சள் வீங்குதலை' என்று பொருள்படப் பெயர். செடியில் இருக்கும் சபோனின் என்ற சோப்பு வகைப் பொருள் ஈரலுக்குள் போய்ப் பித்தநாளத்தில் படிகமாக உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். தின்ற பச்சையத்தின் கழிவு பித்தத்தோடு வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் தங்கிவிடும். அந்த இரத்தம் ஓடுகிற தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். காது தொங்கும், முகம் வீங்கும், கண் மஞ்சளாகும், ஆடு நிழலைத் தேடி ஓடும். சூரியனைப் பார்த்துப் பூக்கிற செடி, தின்ற ஆட்டைச் சூரியனைக் கண்டாலே பயப்பட வைக்கிறது. எங்கள் தாத்தா கிடையில் இப்படி நடந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் பாத்ததில்ல. நம்ம ஆட்டுக்கு முள்ளுதான் வம்பு" என்று முடித்துவிட்டார்.

விஷமும் மருந்தும் ஒரே செடியில் இருப்பது நமக்கொன்றும் புதிதில்லை. அளவு, பக்குவம், யாருக்கு, எப்போது என்று கேட்டுக் கொடுப்பதுதான் வைத்தியம். இங்கே வைட்டமின் கடைக்குப் போனால் 'ட்ரிபுலஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, புஜம் புடைத்த ஆண் படத்தோடு குப்பிகள் இருக்கின்றன. நெருஞ்சிதான். ஆண்மை ஹார்மோனைக் கூட்டும், தசை ஏறும் என்று விற்பனை. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் ஹார்மோன் அப்படியொன்றும் ஏறவில்லை. ஒரு கடையில் இதைக் கொல்ல மருந்து விற்கிறார்கள். அதே வளாகத்தில் நாலு கடை தள்ளி இதையே மருந்தாக விற்கிறார்கள். அம்மாவிடம் குப்பியின் விலையைச் சொன்னேன். "அந்த ஓரத்துல இவனுக்குச் சும்மாவே கெடக்கே" என்றார்.

அதில்தான் ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தது. இரண்டாம் நாள் அம்மா ஒரு பிளாஸ்டிக் பை நிறைய நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கட்டில் காயப்போட்டார். கேட்டால், நீர்க்கடுப்பாக இருக்கிறதாம், கஷாயம் வைக்கப்போகிறாராம். நான் குறுக்கே நின்றேன். பாதை ஓரம் களைக்கொல்லி அடிக்கிற இடம், நாய்கள் வந்து போகிற இடம். அவர் சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று மாத்திரை சாப்பிடுகிறவர். எதோடு எது சேரும் என்று டாக்டரிடம் கேட்காமல் முடியாது. "எங்கம்மா எனக்குக் குடுத்துருக்கா" என்றார். "ஆச்சி மருந்தடிச்ச ஓரத்துல பறிக்கலம்மா" என்றேன். பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டிலும் பேசவில்லை. மறுநாள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், சிறுநீர்த் தொற்று என்று கண்டு, மாத்திரை வாங்கிக் கொடுத்து, நாலு நாளில் சரியானது. சரியான பிறகும், "நெருஞ்சிக் கஷாயம்னா ரெண்டே நாளு" என்றார்.

அந்தச் செடிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டு நான் அலைந்தது தனிக் கதை. எங்கள் வேலிக்கும் பாதைக்கும் நடுவில் ஆறடி மண். குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினேன்: எங்கள் எல்லை இல்லை. இன்னோர் அலுவலகத்துக்கு எழுதினேன்: கால்வாய் எங்களுடையது, ஓரம் எங்களுடையது அல்ல. மூன்றாவது இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், நிரப்பி அனுப்பினேன், உங்கள் படிவம் கிடைத்தது என்று நன்றி வந்தது. விளாத்திகுளமாக இருந்தால் புறம்போக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்.

இந்த மாநிலம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 1961இல் ஒரு வேலை செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை. நெருஞ்சிக்கென்றே பிறந்த இரண்டு கூன்வண்டுகள் இருக்கின்றன. இந்தியா, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் அவற்றின் பூர்வீகம். ஒன்று இளங்காயைத் துளைத்து முட்டை வைக்கும். புழு உள்ளிருந்து விதையைத் தின்னும். மற்றது தண்டைத் துளைக்கும். இந்த இரண்டையும் பிடித்து வந்து, வேறு பயிரைத் தொடாது என்று சோதித்து, இங்கே விட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து குடியேற ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். 1965 சட்டம் வந்த பிறகுதான் நமக்கெல்லாம் கதவு திறந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, நெருஞ்சி தின்னத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக நம் பங்காளி வண்டுகளுக்குத் தனி அழைப்பு! எச்-1பி வரிசையில் நின்ற எனக்கு லேசாகப் பொறாமை.

வண்டுகள் ஹவாயில் அமர்க்களமாக வேலை செய்தன. கலிஃபோர்னியாவில் வெதுவெதுப்பான இடங்களில் நன்றாகச் செய்தன. குளிர் அதிகமான இடங்களில் பனிக்காலத்தைத் தாண்டுவது அவற்றுக்குக் கஷ்டம். ஐடஹோ மாநிலத்து பாய்ஸி நகரில் அதனால் மனிதர்களே இறங்கிவிட்டார்கள்: 2018 முதல் ஆட்டுத்தலைத் திருவிழா என்று நடத்துகிறார்கள். கோடையில் மூட்டை மூட்டையாக நெருஞ்சி பிடுங்கிக் கொடுக்க வேண்டும். கடைசியில் வேஷம் கட்டிக்கொண்டு சைக்கிள் ஊர்வலம். முள்ளுக்குத் திருவிழா எடுக்க நம்மால்தான் முடியும் என்று நினைத்திருந்தேன்.

பிளசன்டனில் முள்ளுக்கு இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். மேற்கே பிளசன்டன் ரிட்ஜ் மலையில் ஏறுகிறவர்களுக்கு மஞ்சள் நட்சத்திர நெருஞ்சி மாதிரி ஒன்று தெரிந்திருக்கும், ஸ்டார்திசில். பூவைச் சுற்றி ஊசி ஊசியாக முள். தேனீக்குத் தேன், குதிரைக்கு எமன். வாரக்கணக்கில் தின்ற குதிரையின் மூளையில் ஒரு பகுதி செத்துப்போய், வாயில் புல் இருந்தும் மெல்ல முடியாமல் பட்டினியில் சாகும். அதற்கு வைத்தியம் இல்லை. 1858இலேயே குதிரைப் பந்தயத் தடம் போட்ட ஊருக்கு இப்படி ஒரு செடி. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலம் எங்கள் விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கத்தையே விழுங்கிவிட்டது. 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை வெட்டச் சொல்லி உத்தரவு போடுகிற அளவுக்குப் போனது. இங்கே வந்தால் நெருஞ்சி. அம்மா இரண்டையும் பார்த்தவர். "அது மரம், வெட்டி விறகாக்கலாம். இத என்ன செய்ய?" என்றார். கருவேலங்கரியில் பாதி ஊர் பிழைத்த பகுதியிலிருந்து வந்தவர் கேட்கிற கேள்வி அது.

என்ன செய்வது என்று அவரே சொல்லியும் கொடுத்தார். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், 80க்குப் பக்கம், அவர் நாயின் பாதத்தில் முள் ஏறி நொண்டியதிலிருந்து தினமும் ஒரு சின்னக் களைக்கொத்தியோடு வருவார். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அந்த மனுசன் மேலாப்புல பறிக்காரு. கழுத்துக்குக் கீழ கொத்தணும்." போய் அவர் கையிலிருந்ததை வாங்கி, கொடிகளை ஒரு கையால் சுருட்டித் தூக்கி, நடுவேரை மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் ஒரே வெட்டு. பாயைச் சுருட்டியதுபோல முழுச் செடியும் வந்துவிட்டது. அவர் "வாவ்" என்றார். அம்மா, "ஆமா" என்றார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்கக் காலை ஆறரைக்கு இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். தொடருக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்.

உதிர்ந்து கிடக்கும் முள்ளுக்கும் வழி உண்டு. பழைய கார்ப்பெட் துண்டைக் குப்புறப் போட்டு மிதித்து எடுத்தால் முள்ளெல்லாம் அதில் ஏறிவிடும் என்று இங்கே சொல்கிறார்கள். அம்மா அதைத் தன் கிராக்ஸை வைத்தே கண்டுபிடித்தார். முதல் நாள் திரும்பி வந்து கழற்றிப் பார்த்தபோது இரண்டு செருப்பிலும் சேர்த்து 61 முள். மகன் எண்ணினான். அம்மா அவற்றை வாசல் சிமெண்டில் தேய்த்தார், 'கரக் கரக்' என்று. எனக்கு ஒரு விநாடி எந்த ஊர் என்று தெரியவில்லை. அடுத்த விநாடி, "அம்மா, கராஜ் வாசல்ல போடாதீங்க, கார் டயர்ல ஏறும்" என்று கத்தினேன்.

அக்டோபரில் அவர் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஆறடி மண்ணில் ஒரு கொடி மிச்சமில்லை. பிடுங்கியதை எல்லாம் உரமாகிற பச்சைத் தொட்டியில் போடாமல், தடித்த பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். கடைசி இரண்டு மாதமும் ஒரு பூவைக்கூட முள்ளாக விடவில்லை.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் 23 கன்று, புதுசாக. ஃபோனில் சொன்னேன். "வரும். மண்ணுக்குள்ள கெடந்தது. பூக்கிறதுக்கு முன்னாடி கொத்து. அந்தப் பெரியவர் நல்லாருக்காரா?" என்று கேட்டார்.

நல்லாயிருக்கிறார். முட்டிவலியால் குனிய முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தச் செடி விட்டுப்போனது என்று எனக்குக் கை காட்டுகிறார். டப்ளின், பிளசன்டன் பக்கம் யார் வீட்டிலாவது கார்ப்பெட் மாற்றினால், பழைய துண்டைத் தூக்கிப்போடாதீர்கள். பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.